ஜனவரியில் நான் வரவில்லை, பிள்ளை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின டிக்கெட் விலை எல்லாம் பார்த்தோம். மெல்பேர்ன் வெயில் என்றதும் அம்மா சூட்கேஸைத் தூசி தட்டி வைத்துவிட்டா. அவ ஜனவரியில் வரட்டும், நான் ஏப்ரலில் வருகிறேன். கோபிக்காதே. செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வகுப்பு இருக்கிறது, வாட்டர்கலர் வகுப்பு. ஓம், நான்தான், இந்த வயதில்தான். போன வின்டரே சேர்ந்துவிட்டேன், நீ சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

குளிர்காலத்துக்காக இங்கே கனடாவில் நவம்பரில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினதோடு எனக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும்தானே. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முதலே இருட்டிவிடும். வேலைக்குப் போன காலத்தில் அது உறைக்கவில்லை, ஃபாக்டரிக்குள்ளே எந்த நேரமும் ஒரே லைட்தான். ரிட்டையர் ஆன பிறகு சோபா, டீவி, ஊர்ச் செய்தி, அப்புறம் திரும்பவும் அதே செய்தி. அம்மாவுக்கு என்னைப் பார்க்கவே எரிச்சல். கடைசியில் உன் தம்பிதான் விடியக்காலையில் எழும்பி கம்ப்யூட்டரில் பதிந்து தந்தான். நீச்சல் வகுப்புக்கு இருக்கிற அடிபிடி இதற்கு இல்லை, சுகமாய் இடம் கிடைத்தது.

இங்கே ஸ்காபரோவில் சீடர் ரிட்ஜ் என்று ஒரு பழைய மாளிகை இருக்கிறது, 1912ல் யாரோ பணக்காரர் கோடைக்கு வந்து தங்கக் கட்டினது. இப்போது ரொறன்ரோ நகரசபை அதில் கலை வகுப்புகள் நடத்துகிறது. நான் போவது அங்கே இல்லை, நம் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய கம்யூனிட்டி சென்டருக்கு. ஆனால் அந்த வீட்டைப் பார்த்ததில் இருந்து அடுத்த வருடம் அங்கே போய் மண்பாண்டம் பழகலாமோ என்று ஒரு ஆசை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் வகுப்பில் இருப்பவர்கள் எல்லாம் என் வயதுக்காரர்தான். ஒரு சீனாக்காரர், இங்கிலீஷ் ஒரு சொல்லும் பேசமாட்டார், தூரிகையைப் பிடித்தால் நாங்கள் எல்லாரும் எங்கள் வேலையை விட்டு அவர் கையைப் பார்ப்போம். படிப்பிக்கிற பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். முதல் நாளே, ஸ்நோ கீறுவதற்கு வெள்ளைப் பெயின்ட் வேண்டாம், பேப்பரின் வெள்ளையை அப்படியே விட்டுவிடு, நிழலை மட்டும் போடு என்றா. நிழலுக்கு நான் சாம்பல் நிறம் எடுத்தேன். வெளியே போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினா. நீலம், பிள்ளை! வெயில் விழாத இடத்தில் வானத்து வெளிச்சம் மட்டும் விழுவதால் அப்படித் தெரிகிறதாம். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஸ்நோவை வழித்துத் தள்ளியிருக்கிறேன், அதன் நிறத்தைப் பார்த்ததே இல்லை. இப்போது பஸ் ஸ்டொப்பில் நிற்கும்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு நாள் பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

பேப்பர் மட்டும் நல்லதாய் வாங்க வேண்டும், 300 கிராம் என்று சொல்கிற தடிப்பு, இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் நெளிந்துவிடும். அந்த விலையைக் கேட்டு அம்மா திட்டினா. ஈரம் காயமுதல் நிறத்தின் மேல் கொஞ்சம் உப்புத் தூவினால் ஸ்நோ கொட்டுகிற மாதிரிப் புள்ளி புள்ளியாய் வரும், அதற்கும் குசினி உப்பை எடுத்ததாகத் திட்டு. என் படங்கள் ஒன்றும் பெரிதாய் இல்லை, உண்மையைச் சொன்னால் மரங்கள் எல்லாம் விளக்குமாறு. ஆப்பிளையும் போத்தலையும் மேசையில் வைத்துக் கீறச் சொல்லும் நாட்களில் எனக்கு நித்திரைதான் வரும். ஊரில் எட்டாம் வகுப்போடு சித்திரத்தை விட்டுக் கணக்கைப் படி என்று ஐயா சொன்னார், படித்தேன், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் விட்ட இடத்தில் இருந்து தொடங்கலாம்தானே.

டொறிஸ் மெக்கார்த்தி என்று ஒரு ஓவியர், ஸ்காபரோ பிளஃப்ஸ் என்கிற ஏரிக்கரைச் செங்குத்து மேட்டு ஓரத்தில் 1939ல் நிலம் வாங்கி வீடு கட்டினவ. தாய் அதை முட்டாளின் சொர்க்கம் என்று சொல்ல, அதையே வீட்டுக்குப் பெயராய் வைத்தா. 1972ல் டீச்சர் வேலையில் இருந்து ரிட்டையர் ஆன பிறகுதான் ஆர்க்டிக் பக்கம் போய்ப் பனிப்பாறைகளை வரையத் தொடங்கினா. 79 வயதில் இங்கே ஸ்காபரோ யூனிவர்சிட்டியில் டிகிரியும் எடுத்தா. நூறு வயது வரை இருந்து 2010ல் காலமானா. அந்த யூனிவர்சிட்டியில் அவ பெயரில் கேலரி இருக்கிறது, போய்ப் பார்க்கக் காசு இல்லை. நீ வரும்போது கூட்டிக்கொண்டு போகிறேன்.

இனி உன் கதை. ஜூன், ஜூலை வந்தால் நீ எனக்கு இரவில் எடுக்கிற போன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலை, வீடு, மழை, இருட்டு, ஒன்றிலும் மனமில்லை அப்பா என்பாய். உங்கள் பக்கத்தில் நெய்பர்ஹூட் ஹவுஸ் என்று இருக்கிறதே, அங்கே மூன்றாம் தவணைக்கு என்ன வகுப்பு இருக்கிறது என்று பார். சித்திரம் வேண்டாம் என்றால் தையல், மண்பாண்டம், எதுவும் சரி. கணினியில் பார்த்துப் பழகுகிறேன் என்று சொல்லாதே. வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், நீ வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே நாலு பேர் இருக்க வேண்டும். சின்னவனை மருமகன் இரண்டு மணித்தியாலம் பார்க்கமாட்டாரா? நான் சொன்னேன் என்று சொல்.

இன்னொரு விஷயம். ஜனவரி முதல் வகுப்புக்கு ஆளுக்கொரு மரத்தின் போட்டோ கொண்டு வரச் சொல்லியிருக்கிறா. உங்கள் தெருவில் பட்டை உரிந்து நிற்கிற யூகலிப்டஸ் ஒன்று இருந்ததே, அதைக் காலை வெயிலில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. சின்னவனை எடுக்கச் சொல், நீ எடுத்தால் உன் விரலும் சேர்ந்து விழும்.

அப்பா