120 வோல்ட் ஸ்மோக்கரை ஹப்புத்தளைக்கு விற்றது பற்றிய புகார்

ஹப்புத்தளை,
24.02.2025

முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: 14.12.2024 அன்று உங்கள் கொழும்புக் காட்சியறையில் வாங்கிய பெலட் ஸ்மோக்கர் (மரத்துண்டுப் புகையில் இறைச்சி வேகவைக்கும் மெஷின்) – பணத்தைத் திருப்பிக் கோருதல்

ஐயா,

உங்கள் ஹொட்லைனுக்கு இதுவரை ஏழு தடவை பேசிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு பிள்ளை எடுக்கிறது, நானும் ஆதியிலிருந்து கதை சொல்கிறேன். ஆகவே முழுவதையும் ஒரே மூச்சில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பற்றுச்சீட்டின் பிரதி, வாரண்டி கார்ட்டின் பிரதி, மோட்டாரில் ஒட்டியிருக்கும் லேபிளின் படம் மூன்றும் உள்ளே இருக்கின்றன. அந்த லேபிளின் படத்தைத் தயவுசெய்து முதலில் பாருங்கள்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் 34 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்தில் அதை ஸ்டோர் என்போம். இப்போது மகளும் நானும் வீட்டில் மூன்று அறைகளை வெளிநாட்டு விருந்தினருக்கு விடுகிறோம். லிப்டன் சீட் மலைமுனைக்கு ஏறிவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்கு, புகையில் வெந்த இறைச்சி கொடுத்தால் நன்றாக இருக்கும் என்பது மகளின் யோசனை. கெட்ட யோசனை இல்லை. எங்கள் அம்மா அடுப்புக்கு மேலே கம்பி கட்டிப் பன்றி இறைச்சியைத் தொங்கவிட்டு வாட்டினவர்தான். அந்த மணத்துக்கு நான் எதிரியில்லை.

எதை வாங்குவது என்பதில் நாங்கள் அவசரப்படவில்லை. பண்டாரவளையில் ஒரு வெல்டிங் கடைக்காரர் எண்ணெய் பீப்பாயை நெடுக்காக வெட்டி, கீலும் காலும் போட்டு 35,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொன்னார். கரியில் வேகிற இறைச்சிக்குத் தனி ருசி, மறுக்கவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் ஆறு மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காற்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்க வேண்டும். என் முழங்கால் அதற்குச் சம்மதிக்காது. மகளுக்கோ அறை பார்க்கவே நேரம் சரி. பெலட் ஸ்மோக்கர் தானாகவே சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்றுதான் அதன் பக்கம் சாய்ந்தோம். 385,000 ரூபா. பீப்பாயைப் போலப் பதினொரு மடங்கு.

அது வேலை செய்கிற விதம் எனக்கு விளங்காமல் இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் தடிப்புள்ள சின்னத் துண்டுதான் பெலட். பக்கத்தில் ஒரு தொட்டி, தொட்டிக்கு அடியில் ஒரு திருகுத் தண்டு. மோட்டார் அந்தத் தண்டை மெதுவாகச் சுற்றினால் பெலட் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்தில் விழும். சூடாகும் கம்பி ஒன்று பற்ற வைக்கும், விசிறி ஊதும். ஸ்டோரில் டிரையர் அடுப்போடு வாழ்ந்தவனுக்கு இதில் அதிசயம் எதுவுமில்லை.

அதனால்தான் உங்கள் காட்சியறையில் மூன்று கேள்விகள் கேட்டேன். எங்கள் ஊர் 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது, பின்னேரமானால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும், பெலட் தாங்குமா? இது எங்கள் கரண்டுக்குச் செய்த மெஷினா? நடுவில் லைட் போனால் என்ன செய்வது? உங்கள் தம்பி மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொன்னார்: "ஒரு பிரச்சினையும் இல்ல அங்கிள், பிளக்க போட்டா போதும்." அப்புறம் ஒரு கறுப்பு ட்ரான்ஸ்போமர் பெட்டியை இலவசம் என்று சொல்லி மேலே வைத்தார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கோபம் சொல்லிக் கொடுக்காதவர்கள் மேல்.

முதல் நாள் வெயில் நாள். டிசம்பர் 22. கோழி ஒன்று வைத்தோம், அருமையாக வந்தது. பொய் சொல்ல மாட்டேன், மகள் அன்றைக்கே படம் எடுத்து விருந்தினர் பக்கத்தில் போட்டுவிட்டாள்.

அடுத்த வாரமே மழை பிடித்தது. தொட்டியில் மிச்சமிருந்த பெலட் மூன்றே நாளில் ஊதி, விரலால் அழுத்தினால் தூளாகியது. தூள் திருகுத் தண்டுக்குள் சீமெந்து மாதிரி இறுகி, தண்டு சுற்றாமல் நின்றது. அதை ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுக்க அரை நாள். உங்கள் ஹொட்லைன் பிள்ளை "மழையில் நனைய விட்டீர்களா?" என்று கேட்டது. மெஷின் இஸ்தோப்பில், கூரைக்கு அடியில், உங்கள் உறை போட்டு மூடியே இருந்தது. இது உப்புப் போத்தலுக்குள் அரிசி போடுகிற ஊர். துவைத்த சாரம் காய மூன்று நாள் எடுக்கும். ஸ்டோரில் விறகு வந்தால் அடுக்கி, நாள் கணக்கில் காய வைத்த பிறகுதான் அடுப்புக்கு விடுவோம், ஏனென்றால் ஈர விறகு நெருப்பைத் தின்னும். பெலட் அதைவிட ரோசக்காரப் பொருள். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் தொட்டியைக் காலி செய்யுங்கள், மிச்சத்தை மூடியுள்ள வாளியில் போடுங்கள் என்று வாங்கிய அன்றே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதுமே. சொல்லவில்லை. அன்றிலிருந்து நானாகவே பெயின்ட் வாளியில் போட்டு மூடி வைக்கிறேன். இந்தப் பகுதியை நான் பெரிதாக எடுக்கவும் இல்லை. பழகிக்கொள்ளலாம்.

பழக முடியாதது அடுத்தது.

ஜனவரி 18, சனிக்கிழமை. காய்ந்த பெலட், வாளியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. நாலு கிலோ பன்றித் தோள் துண்டு. சூடு 107 பாகையில் வைத்தேன். ஏறினது 88 வரைக்கும்தான். கையேட்டில் உள்ளபடி பெலட் விழுகிற இடைவெளியைக் குறைத்துப் பார்த்தேன், கொஞ்சம் ஏறி மறுபடி இறங்கியது. மூன்றாவது மணி நேரத்தில் நெருப்பு அணைந்தே போனது. அணைந்தது எனக்குத் தெரியாது. மெஷினுக்கும் தெரியவில்லை போல, அது பாட்டுக்குப் பெலட்டைக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தி மறுபடி போட்டதும் குவிந்து கிடந்தது எல்லாம் ஒன்றாகப் புகைந்தது. வெள்ளைப் புகை, தடித்த புகை. பிறகு ஒரு 'டப்'. மூடி ஒரு தரம் எழும்பி விழுந்தது. மகள் முற்றத்தில் நின்றிருந்தாள், பக்கத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான் புண்ணியம். இறைச்சியைக் குத்திப் பார்த்தால் நடுவில் 41 பாகை. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் கிடந்த இறைச்சியை விருந்தாளிக்குக் கொடுக்கலாமா? நாய்க்கும் கொடுக்கவில்லை. புதைத்தேன்.

ஜனவரி 30ஆம் திகதி உங்கள் டெக்னீஷியன் வந்தார். பெலட் வாளிக்குள் கையை விட்டு "ஈரமா இருக்கு" என்றார். இருக்கவில்லை. நெருப்புக் கிண்ணத்தைத் துடைத்தார், தேத்தண்ணீர் குடித்தார், பயணச் செலவு 12,500 ரூபா என்று பில் எழுதினார். வாரண்டி இருக்கும்போது என்ன பில் என்று கேட்டேன். மலைநாட்டுக்கு வேறு கணக்காம்.

அவர் போன பிறகு நானே பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். திருகுத் தண்டைச் சுற்றும் மோட்டாரின் லேபிளில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் (கரண்ட் ஒரு செக்கனில் 60 தரம் துடிப்பது), நிமிடத்துக்கு 2 சுற்று என்று போட்டிருக்கிறது. விசிறியிலும் அதே 120, அதே 60. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். உங்கள் கறுப்புப் பெட்டி வோல்ட்டை இறக்கும். ஹேர்ட்ஸை அது தொடாது, எந்த ட்ரான்ஸ்போமரும் தொடாது. இந்த ரக மோட்டார் ஹேர்ட்ஸுக்குத் தாளம் போட்டுச் சுற்றுவது. 60க்குச் செய்ததை 50இல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும்.

நம்பாவிட்டால் நான் செய்ததையே நீங்களும் செய்து பாருங்கள். தொட்டியைக் காலி செய்துவிட்டுத் தண்டின் நுனியில் சோக்கால் ஒரு கோடு போட்டேன். பெலட் நிரப்புகிற பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றை எண்ணினேன். லேபிள் கணக்குப்படி பத்துச் சுற்றுக்கு 5 நிமிடம் எடுக்க வேண்டும். 6 நிமிடம் எடுத்தது. மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் 6. உங்கள் மெஷின் சூட்டைப் பார்த்துப் போதாததைக் கொடுக்கிற புத்திசாலி ரகம் இல்லை, இத்தனை செக்கன் சுற்று, இத்தனை செக்கன் நில் என்று நேரக் கணக்கில் போடுகிற ரகம். ஆக ஒவ்வொரு தரமும் ஆறில் ஒரு பங்கு பெலட் குறைவாக விழுகிறது. விசிறியும் சோம்பல். இந்த உயரத்தில் காற்றே கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 வீதம் மெல்லியது. வெளியே குளிர், ஈரக் காற்று. நெருப்பு அணையாமல் வேறென்ன செய்யும்? வெயில் நாளில் சின்னக் கோழியைச் சமாளித்தது, பெரிய துண்டு வந்ததும் கையை விரித்தது.

இன்னொன்று, இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. பன்றித் தோளை நடுவில் 95 பாகை வரும் வரை வைக்கச் சொல்கிறது கையேடு. எங்கள் ஊரில் தண்ணீரே ஏறக்குறைய 95இல் கொதித்துவிடும். ஈரமுள்ள இறைச்சி அந்த இலக்கத்துக்கு வரும் என்று காத்திருந்தால் விடிந்துவிடும். கையேட்டை எழுதியவர் ஹப்புத்தளையைப் பார்த்திருக்க நியாயமில்லை. விற்கிற நீங்கள் பார்த்திருக்கலாம், கொழும்பிலிருந்து ரயில் இருக்கிறது.

இப்போது பெப்ரவரி 9. அன்று முற்பகல் 11.30 அளவில் தீவு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். குரங்குக்கு நீங்கள் பொறுப்பில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் என் மூன்றாவது கேள்வி ஞாபகம் இருக்கிறதா? காலை ஆறரைக்கு இறைச்சி வைத்திருந்தேன். கரண்ட் போனதும் விசிறி நின்றது, தண்டு நின்றது, கிண்ணத்தில் இருந்த நெருப்பு நிற்கவில்லை. அது திருகுத் தண்டின் குழாய் வழியாகப் பின்னுக்கு ஊர்ந்து, தொட்டி மூடியின் இடுக்கில் புகை வரத் தொடங்கியது. அப்படி வரும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாளியைத் தயாராக வைத்திருப்பேன். பழைய மா டின்னால் பெலட்டை அள்ளி முற்றத்தில் கொட்டினேன். தொட்டியின் ஒரு பக்கப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. அதற்கு உங்கள் பதில், "மின்தடை வாரண்டிக்குள் வராது."

அன்றைய இறைச்சி என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பின்கட்டு அடுப்பில், கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறைப் போட்டு, மேலே கம்பி வலை வைத்து வேகவைத்தோம். நெதர்லாந்திலிருந்து வந்திருந்த தம்பதி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். எந்த மெஷினில் செய்தது என்று கேட்டதற்கு மகள் சிரித்துச் சமாளித்துவிட்டாள்.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். மெஷினின் விலை 385,000 ரூபா, டெக்னீஷியன் வாங்கிய 12,500 ரூபா, பிரிக்காத இரண்டு பெலட் மூட்டைகளின் விலை, இவற்றைத் திருப்பித் தாருங்கள். பழுதாய்ப் போன இறைச்சிக்கும், விருந்தினரிடம் பட்ட வெட்கத்துக்கும் நான் கணக்குப் போடவில்லை. 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸுக்கென்றே செய்த, உயரத்துக்கு ஏற்றபடி மாற்றக்கூடிய மெஷின் உங்களிடம் இருந்தால் அதையும் பரிசீலிப்பேன். ஆனால் அதை இங்கே கொண்டுவந்து, ஒரு மழை நாளில், பெரிய துண்டொன்றை வைத்து முடித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுவேன். மறுபடியும் துடைத்துவிட்டுப் போகிற ஆளை அனுப்ப வேண்டாம்.

வாங்கும்போதே எங்கே, எதற்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் போகலாம், விற்பனையிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். என் கணக்குப்படி மார்ச் 14 கடைசி நாள். ஆகவே மார்ச் 7 வரை உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன். வராவிட்டால் இதே கடிதத்தின் பிரதி அங்கே போகும். அந்தச் சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு ஏற்கெனவே பேசி விபரம் கேட்டுவிட்டேன். முதல் அழைப்பிலேயே எடுத்தார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மெஷினைக் கழுவித் துடைத்து, தொட்டியைக் காலி செய்து, கராஜில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எடுக்க வருகிறவர்கள் இரண்டு பேராக வரட்டும். கராஜிலிருந்து ரோட்டுக்கு 23 படி ஏற வேண்டும், லொறி கீழே இறங்காது. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு மூடுபனியில் வளைவு தெரியாது, காலையிலேயே வரச் சொல்லுங்கள். கறுப்புப் பெட்டியும் கூடவே இருக்கும், அதையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
பற்றுச்சீட்டில் பெயருள்ள வாடிக்கையாளர்
(ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர்)