பாப்பா எலெக்‌ஷனில் நிற்கிறாள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம். மருமகளுக்கும் குட்டிக்கும் எங்கள் அன்பு. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ எடுத்தால் மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்பதில்லை, எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று அம்மாவுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் பேப்பரில் எழுதி, கீழ் வீட்டுப் பையனை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பொறுமையாகப் படி.

நம் பாப்பா எம்.எல்.ஏ. எலெக்‌ஷனில் நிற்கிறாள். கூடலூர் தொகுதி, சுயேச்சை. உன் காதுக்கு இதற்குள் வந்திருக்கும், உன் கூட்டாளிகள் குரூப்பில் கேலி செய்கிறார்களாம். போன தடவை பேசும்போது நீயும் “அவளுக்கு எதுக்குப்பா இந்த வேலை” என்றாய். அதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், நீ லைனை வைத்துவிட்டாய். சுயேச்சைக்குத் தொகுதி ஓட்டர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அந்தப் பத்தில் நானும் ஒருவன். யாரோ சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

அவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு யானை நிற்கிற குறுக்குப் பாதையில் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவன் நீ. அவள் பாட்டியும் என் அம்மாவும் சிலோனில் ஒரே தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக எழுதினார்களே, அந்தக் கணக்குக்குள்தான் நம் இரண்டு குடும்பமும் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப்பில் இருந்து அப்புறம் இந்த நீலகிரி மலை. பாட்டிக்கு அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து பறிக்கிற வேலை கிடைத்தது. பாட்டி பேத்தியைக் கொழுந்துக்கூடைப் பக்கமே விடவில்லை.

கூடலூர் இப்போது தனித் தொகுதி, சாதிச் சான்றிதழ் இல்லாமல் மனு நிற்காது. அந்தச் சான்றிதழுக்கு அவள் ப்ளஸ் டூ படிக்கும்போது அவள் அப்பன் எத்தனை படி ஏறினான் என்று உனக்குத் தெரியும். சிலோன் காகிதம் கொண்டு வா என்றார்கள், கொண்டு போனால் அதில் பேர் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்றார்கள். அதற்காகவே சட்டம் படிக்கப் போனாள் என்று நினைக்கிறேன், அவள் அப்படிச் சொன்னதில்லை. படித்து முடித்துக் கோயமுத்தூரில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தாள். அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து கூடலூர் கோர்ட்டில் நிற்கிறாள். திரும்பி வந்தாள் என்பதைச் சும்மா சொன்னேன், குத்திக் காட்ட இல்லை. உன் உழைப்பில்தான் அம்மாவின் முட்டிக்கு வைத்தியம் நடக்கிறது, அதை யாரிடமும் சொல்ல நான் தயங்கினதே இல்லை.

சாயங்காலம் கோர்ட் முடிந்து வந்தால் நம் திண்ணையில் உட்கார்ந்துதான் பேசுவாள். செக்‌ஷன் 17 என்றால் நமக்குத் தெரியாததா, நாம் உட்கார்ந்திருக்கிற மண்ணே அதுதானே. ஆனால் அவள் சொன்னபோதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது. இந்த நிலமெல்லாம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மம், அதாவது அந்த ராஜ குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. அவர்களிடம் குத்தகைக்கு வாங்கித்தான் எஸ்டேட் போட்டார்கள். 1969-ல் சட்டசபையில் ஜென்ம ஒழிப்புச் சட்டம் போட்டு, அது 1974-ல் நடைமுறைக்கு வந்தது. சாகுபடி செய்தவனுக்குப் பட்டா என்று ஒரு வழி வைத்தார்கள். எஸ்டேட் குத்தகை நிலத்தை மட்டும் 17-ஆம் பிரிவில் தனியாக வைத்தார்கள், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அதற்கு நடுவில் வெள்ளைப் பேப்பரில் எழுதி வாங்கி, குடிசை போட்டு, மிளகுக் கொடி ஏற்றின நம்மைப் போன்றவன் எந்தப் பிரிவிலும் இல்லை. இந்தச் சட்டம் டெல்லி வரைக்கும் போய், 2007-ல் உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்களாம். அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஒரு சட்டத்தை வைத்துவிட்டால் கோர்ட் அதைத் தொடவே கூடாதா என்பது கேள்வி, அரசியல் சட்டத்தின் அடிப்படைக்கே விரோதமாக இருந்தால் தொடலாம் என்பது தீர்ப்பு. நாட்டில் எங்கே சட்டம் படித்தாலும் இதைப் படித்துத்தான் ஆக வேண்டுமாம். “வகுப்பில் கூடலூர்னு பேர் வந்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க மாமா, எங்க வீட்டுல கரண்ட் இல்லைன்னு அவங்களுக்குத் தெரியாது” என்றாள். நீயும் அவளும் ஒரே மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள்தானே.

நான் கேட்டேன், நெல்லியாளம் நகராட்சியில் கவுன்சிலருக்கு நின்று பார், ஒரேயடியாக மேலே தாவாதே என்று. தெருவிளக்கும் குடிதண்ணியும் வேண்டுமானால் அங்கே கேட்கலாம், பட்டா அவங்க கையில் இல்லை, சட்டம் போட்டது சட்டசபை, மாற்ற வேண்டியதும் சட்டசபைதான் என்றாள். கட்சிக்காரர்களும் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். மேடையில் பேச வேண்டியதை அவர்கள் எழுதித் தருவார்கள் என்று தெரிந்ததும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டாள். நான் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. 234 பேர் உட்கார்கிற இடத்தில் தனியாக ஒருத்தி எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வராவிட்டால் டெபாசிட் போய்விடும், போகும் என்றுதான் நான் நினைக்கிறேன், அவளிடமும் சொல்லிவிட்டேன். சிரிக்கிறாள். ஓட்டுக் கேட்டுப் போகிற லயத்தில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டால் போதும், அடுத்து வருகிறவனை ஜனங்கள் அதை வைத்துக் கேட்பார்கள் என்கிறாள்.

மனுத்தாக்கலுக்குக் கூடலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். வேட்பாளரோடு நாலு பேரைத்தான் உள்ளே விடுவார்கள், அந்த நாலில் உன் அப்பா ஒருவன், கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டு. நம் ஆட்களுக்கு டெபாசிட் பாதிதான், 5,000. கொழுந்துப் பெண்கள் கொடுத்த பத்தும் இருபதும் கலந்து கட்டு கட்டாக இருந்தது, அந்த கிளார்க் பாவம் எச்சில் தொட்டு எண்ணி எண்ணி விரல் காய்ந்து போனார். செலவுக்கு 40 லட்சம் வரை போகலாமாம். சின்னத்துக்கு மூன்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள், எது வருமோ.

பிரமாணப் பத்திரம் எழுதும்போது பக்கத்தில் இருந்தேன். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, ஒன்றும் இல்லாவிட்டால் ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும். விவசாய நிலம், இல்லை. வீட்டு மனை, இல்லை. குடியிருக்கும் வீடு என்கிற இடம் வந்ததும் பேனாவைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் அப்பன் மண் சுமந்து கட்டின வீடு, ஓடு மாற்றினது நானும் நீயும். அதற்கும் ‘இல்லை’ என்றே எழுதினாள். நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

முன்மொழிகிறவனுடைய பாகம் எண், வரிசை எண் எல்லாம் மனுவில் எழுத வேண்டும் என்று அதற்கு முன்னாலேயே வாக்காளர் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். என் பேர் இருந்தது. அடுத்து அம்மா பேர். அதற்கு அடுத்து கீழ் வீடு வந்துவிட்டது. பாப்பா விரலை வைத்து மேலேயும் கீழேயும் தேடினாள், கடைசியில் துணைப் பட்டியலையும் புரட்டினாள். “அண்ணன் திருப்பூருக்கே மாத்திட்டாரா மாமா?” என்று கேட்டாள். ஆமாம் பாப்பா, வேலை அங்கேதானே, நான்தான் மாற்றச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. குடியிருக்கிற இடத்தில்தான் ஓட்டு, அதுதான் சட்டம். வாடகை வீட்டு அட்ரஸுக்கும் மாற்றித் தருவார்களாம், பாப்பாதான் சொன்னாள். வாடகை வீடுதானே? இல்லை, இடம் ஏதாவது பார்த்திருக்கிறாய் என்றாலும் சந்தோஷம்தான். பத்திரம் போடும்போது மூலப்பத்திரத்தைப் பார், வில்லங்கம் பார், பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார். திரும்பச் சொல்கிறேன், பட்டாவைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. வேண்டுமானால் பாப்பாவிடம் நகல் அனுப்பு, எலெக்‌ஷன் நேரத்திலும் உனக்கு என்றால் பார்த்துத் தருவாள்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஓட்டுப்போட நீ வருவாய் என்றே இருக்கிறாள். பலா காய்த்துத் தொங்குகிறது, ராத்திரி யானை தேவாலா பக்கத்திலிருந்து இறங்கி வருகிறது, காயெல்லாம் பிஞ்சிலேயே வெட்டிப் போடச் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் வெட்டியாயிற்று. அம்மா மட்டும் கிணற்றடி மரத்தில் கை வைக்க விடமாட்டேன் என்கிறாள், குட்டிக்குச் சுளை பிடிக்குமாம். பழ வாசனை பிடித்து யானை வந்தால் சுவர் மிஞ்சாது என்று நான் தினமும் கத்துகிறேன். நீயாவது போனில் சொல், வெட்டச் சொல். இல்லை, எப்போது வருகிறாய் என்று சொல், அதற்குப் பிறகு நான் வெட்டுகிறேன்.

வருவதாக இருந்தால் பகல் பஸ்ஸில் வா. நாடுகாணி தாண்டினால் இருட்டில் யானை ரோட்டிலேயே நிற்கிறது. கூடலூருக்கே இருட்டிவிட்டால் அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் வா, குட்டியை வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறாதே. பகலில் வா. அம்மாவின் முட்டியைக் கேரளா பக்கம் பத்தேரியில்தான் காட்டுகிறோம், ஊட்டிக்கு மேடேறுவதைவிட அது பக்கம். கொழுந்து விலையைப் பற்றி எழுதி என்ன ஆகப் போகிறது.

ரேஷன் கடையில் விசாரித்தேன், கார்டில் உன் பேர் அப்படியே இருக்கிறது என்றார்கள். அதையும் எடுப்பதாக இருந்தால் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. கடைக்குப் போவது அம்மா.

குட்டிக்குப் பள்ளிக்கூடம் எந்தத் தேதியில் லீவு விடுகிறார்கள்?

அன்புடன்,
அப்பா