ஆடியில் விற்கும் ஏசிக்குப் பங்குனியில் ஏழு நாள் வேண்டும்

கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் வீட்டு உபயோக மின்சாதனங்கள் விற்கும் கடை உரிமையாளர்களுக்கும், அவர்களுடைய சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஆடி பிறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. கோடையில் விற்காமல் கிடங்கில் தங்கிவிட்ட போர்ட்டபிள் ஏசிகளை நீங்கள் கடை வாசலுக்குக் கொண்டுவந்து அடுக்கும் காலம் இது. கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளம் வழியாகவும் வாளையார் வழியாகவும் கோவைக்கு வந்து அவற்றை வாங்கிச் செல்வோரில் பாலக்காடு மாவட்டத்து எங்கள் சித்தூர் வட்டத் தமிழர்கள் கணிசமானவர்கள். சென்ற ஆடியில் அப்படி வாங்கிச் சென்றவர்களில் நானும் ஒருவன். தள்ளுபடி விற்பனையைக் குறை கூற இம்மடலை எழுதவில்லை; அந்தத் தள்ளுபடி இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் ஏசி பக்கமே வந்திருக்க மாட்டோம். மாற்றித் தர ஏழு நாள்தான் கெடு என்பதால், மழைக்காலத்தில் விற்ற குளிர்சாதனத்தை மழைக்காலத்திலேயே சோதித்து முடித்துவிட வேண்டும் என்று நீங்கள் விதித்திருக்கும் நிபந்தனை பொருந்தாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறையில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். மேலே மொட்டை மாடி. பகல் முழுவதும் வாங்கிய வெயிலைத் தளம் இரவு பன்னிரண்டு மணி வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். சுவரில் துளை போடவோ வெளி யூனிட்டுக்குத் தாங்கி அடிக்கவோ வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. எங்கள் பகுதி பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், கேரளத்தின் மழை பாதிகூட எட்டாத ஓரத்தில் இருக்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காடு மாவட்டத்துக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்த நாட்களில் என் தாயார் ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்ததைப் பார்த்த பிறகுதான், துளை போடத் தேவையில்லாத, சக்கரத்தில் உருட்டிச் செல்லக்கூடிய ஏசியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

2025-இல் கோடையே பொய்த்துப் போனது. தென்மேற்குப் பருவமழை வழக்கமான ஜூன் 1-க்குக் காத்திராமல் மே 24 அன்றே கேரளத்தில் தொடங்கியது. அவ்வளவு முன்னதாக அது வந்தது 2009-க்குப் பிறகு அப்போதுதான். உங்கள் கிடங்குகளில் சரக்கு தேங்கியதன் காரணம் எனக்குப் புரிகிறது. அந்த ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையில் ஒரு கடையில், பெட்டியில் ரூ.47,990 என்று அதிகபட்ச விலை அச்சிட்டிருந்த ஒரு டன் கருவியை ரூ.26,500-க்கு வாங்கினேன். விலைச்சீட்டில் 45 சதவீதத் தள்ளுபடி என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அதே மாடலை ஏப்ரலில் அதே கடையில் ரூ.31,000-க்குச் சொன்னார்கள் என்பது என் நாட்குறிப்பில் இருந்ததால், உண்மையான தள்ளுபடி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் என்பதை நான் அறிந்திருந்தேன். அச்சிட்ட விலையை எந்த மாதத்திலும் எவரும் கொடுத்ததில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இரண்டே மாதத்தில், செப்டம்பர் 22 அன்று, ஏசிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் எனக்குப் போயிற்று. அது உங்கள் பிழையன்று, என் நேரம்.

விலையில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. மனக்குறை தொடங்கியது கடையின் பின்வாசலில். பெட்டியின் நான்கு பக்கமும் மேல்நோக்கிய அம்புக்குறி அச்சிட்டிருந்தது. கடைப் பையன்கள் இருவர் அதை நான் அமர்த்தி வந்த சிறிய வண்டியில் ஏற்றும்போது, நிறுத்தினால் மழைக்கான தார்ப்பாய் மூடாது என்று படுக்க வைத்தார்கள். வானத்தைக் காட்ட வேண்டிய அம்புக்குறி பொள்ளாச்சியைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கேட்டதற்கு, “ஒண்ணும் ஆகாதுங்க சார், எல்லாரும் இப்படித்தான் கொண்டு போறாங்க” என்றார் ஒருவர். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது என்பதும், படுத்து வந்த கருவியை நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம் கழித்தே மின்இணைப்புக் கொடுக்க வேண்டும் என்பதும் உள்ளே இருந்த கையேட்டில் எழுதியிருந்தன. அதை நான் படித்தது வீட்டுக்கு வந்த பிறகு. நல்லவேளையாக அன்றிரவு எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை.

மறுநாள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். வெளியே தூறல், சில்லென்று காற்று வந்தது, தாயார் போர்வை கேட்டார். கடையின் “ஏழு நாளில் மாற்றித் தருவோம்” என்ற வாக்குறுதி அந்த மழையிலேயே முடிந்துபோனது. பிறகு ஓணம், தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்தக் கருவி துணி மூடி மூலையில் நின்றது. மடித்த துணி வைப்பதற்கு அது வசதியான உயரம் என்பதை மட்டும் அந்த எட்டு மாதத்தில் கண்டுபிடித்தோம்.

ஆடியில் ஏன் இதைச் சோதிக்க முடியாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பிளிட் ஏசியில் சூட்டை வெளியேற்றும் பகுதி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அது வெளிக்காற்றையே இழுத்து வெளியிலேயே விடுகிறது. நீங்கள் பெரும்பாலும் விற்கும் ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏசியில் கம்ப்ரசரும் அறைக்குள்ளேயே இருக்கிறது. அது அறையின் காற்றில் ஒரு பங்கை எடுத்து, அதில் சூட்டை ஏற்றி, குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அவ்வளவு காற்று கதவிடுக்கிலும் ஜன்னல் இடுக்கிலும் வெளியிலிருந்து உள்ளே வந்தாக வேண்டும். ஆடியில் அப்படி வரும் காற்று மழைக்காற்று. கருவிக்கு அது பெரிய சுமை அன்று. பங்குனியில் வருவது நாற்பது டிகிரியைத் தொடும் காற்று. குளிரவைத்த அறைக்குள் அதை அந்தக் கருவியே இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யூ. (அறையிலிருந்து அகற்றும் வெப்பத்தின் அளவு) என்பது கணக்கு. ஆனால் அமெரிக்க எரிசக்தித் துறை இந்தக் காற்றிழப்பையும் சேர்த்து அளக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு, 14,000 என்று அச்சிட்ட கருவிகளுக்கு அங்கே 10,000-க்கும் குறைவான எண் வருவது உண்டு. நம் கடைகளில் அந்த இரண்டாவது எண்ணை எவரும் சொல்வதில்லை. ஸ்பிளிட் ஏசியின் நெற்றியில் இருக்கும் நட்சத்திர ஒட்டுத்தாளும் நான் பார்த்த போர்ட்டபிள் கருவிகள் எதிலும் இல்லை. ஆகவே, வாங்குபவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே அளவுகோல் ஓட்டிப் பார்ப்பதுதான். அதை ஓட்டிப் பார்க்க வேண்டிய மாதம் பங்குனிதான்.

சென்ற மார்ச் இரண்டாம் வாரம் முதன்முறையாக முழு இரவுக்கு ஓட்டினோம். அதற்கு முன் ஜன்னல் வேலை ஒன்று இருந்தது. பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் பட்டை, தள்ளித் திறக்கும் கண்ணாடி ஜன்னலுக்கு உரியது. எங்கள் ஊர் ஜன்னல்கள் இரண்டு கதவும் இரும்புக் கம்பியும் கொண்டவை என்பது கோவைக் கடைக்காரர்களுக்குத் தெரியாததன்று. உங்கள் வீட்டு ஜன்னல்களும் அப்படித்தானே. தச்சர் ஒரு ஒட்டுப்பலகையில் வட்டமாக வெட்டிக் கம்பிக்கு உட்புறம் பொருத்திக் கொடுத்தார். நாற்பது நிமிடம் ஓடியதும் கம்ப்ரசர் நின்று விசிறி மட்டும் சுழன்றது. மறுநாளும் அப்படியே. கடைக்குத் தொலைபேசினால், ஏழு நாள் முடிந்துவிட்டது, இனி நிறுவனத்தின் சேவைப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். சேவைப் பிரிவில் அஞ்சல் குறியீட்டைக் கேட்டார்கள். 678 என்று நான் தொடங்கியதும் அழைப்பு கேரளக் கிளைக்குப் போயிற்று. அங்கே, கோவையில் போட்ட பில் எங்கள் கணினியில் இல்லை என்றார்கள். ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் வாளையாரின் வரிச் சோதனைச்சாவடிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அது இப்போது சேவைப் பிரிவுத் தொலைபேசிக்குள் இருக்கிறது போலும்.

பதினோராம் நாள் வந்த தொழிலாளி, குளிர்வாயு கசிந்திருக்கிறது என்றும், படுக்க வைத்துக் கொண்டுவந்ததில் குழாய் விரிசல் விட்டிருக்கலாம் என்றும், அது வாங்கியவர் பொறுப்பு என்றும் எழுதிக் கொடுத்தார். இருக்கலாம். படுக்க வைத்தவர்கள் யார் என்பதற்கு என்னிடம் பில் இல்லை. ரூ.3,400 கொடுத்துச் சரிசெய்தேன். இப்போது கருவி ஓடுகிறது, தாயார் தூங்குகிறார். பத்துக்குப் பத்து அறைக்கு அது போதும் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

மின்கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். கடையில் எனக்கு, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற தமிழ்நாட்டுக் கணக்கில் செலவைக் காட்டினார்கள். நான் கட்டுவது கேரள மின்வாரியத்துக்கு. இங்கே மாதப் பயன்பாடு 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான விகிதம் போய், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விகிதம் விழும். 1,350 வாட் கருவி இரவில் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் மாதத்துக்கு முந்நூறு யூனிட் அதுவே எடுத்துக்கொள்ளும். எல்லைக்கு அப்பாலிருந்து வருபவரிடம் எந்த வாரியத்தின் இணைப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சட்டம் எங்கள் பக்கம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளைக் கோவையில் வாங்கியிருந்தாலும் நான் குடியிருக்கும் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம்; ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் 3,400 ரூபாய்க்காக வாய்தா வாய்தாவாகப் போய்வர எனக்கு மனமில்லை. ஆண்டுதோறும் உங்கள் கடைப் படியேறும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் அந்த நிலை வர வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஆடியிலும் ஓணத்திலும் விற்கும் ஏசிக்கு நீங்கள் தரும் ஏழு நாள் மாற்று வாக்குறுதியை, அடுத்த மார்ச்சில் ஏழு நாள் என்று மாற்றி பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். ஓராண்டு உத்தரவாதத்தைத் தருவது நிறுவனம், அதில் உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஓராண்டில் எட்டு மாதம் மழையிலும் பனியிலும் கழிகிறது என்பதை நிறுவனப் பிரதிநிதி வரும்போது அவரிடம் நீங்கள்தான் சொல்ல முடியும். ஏழு நாளோ முழுக்க உங்கள் கையில் இருப்பது. இடைப்பட்ட மாதங்களில் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வது என்ற உங்கள் அச்சமும் நியாயமானதே. அதற்கும் வழி இருக்கிறது: கடையிலேயே அரைமணி நேரம் ஓட்டிக் காட்டிவிட்டு, பிளக்கின் மேல் உங்கள் முத்திரைத் தாளை ஒட்டிக் கொடுங்கள். மார்ச்சில் உங்கள் ஆள் வந்து அதைக் கிழிக்கட்டும், அல்லது நாங்கள் கிழிப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறோம். ஐப்பசி மழையில் ஏசி ஓட்டும் அளவுக்கு எங்கள் ஊரில் யாரிடமும் பணமில்லை.

எருத்தேம்பதியில் இருக்கும் என் மச்சான் இந்த ஆடியில் ஒன்று வாங்க வேண்டும் என்கிறார். ஜூலை 17, ஆடி முதல் தேதி. அதை அடுத்த ஞாயிறு இருவரும் கோவைக்கு வருகிறோம். “2027 மார்ச்சில் ஏழு நாள்” என்று எந்தக் கடை பில்லில் எழுதித் தருகிறதோ, விலை ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அங்கேதான் வாங்குவோம். உயரமான வண்டியும் கயிறும் நாங்களே கொண்டுவருகிறோம். பெட்டி நின்றபடியே வேலந்தாவளம் கடக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளன்,
கொழிஞ்சாம்பாறை.