சனிக்கிழமை கட்டுரைப் பயிற்சி: வரும் முன் படிக்கவும்

நண்பர்களே, பருவக் கட்டுரைக்கு நீங்கள் அனுப்பிய தலைப்புகளைப் பார்த்தேன். 'இந்தியாவின் அணுக் கொள்கை' என்பது வெறும் தலைப்பு. 1974இல் பொக்ரானில் சோதித்த இந்தியா, அடுத்த சோதனைக்கு 1998 வரை காத்திருந்தது ஏன்? இதுதான் கேள்வி. சீனா 1964இலேயே சோதித்துவிட்டது. அந்த அச்சுறுத்தலை மட்டும் வைத்து எழுதினால், இடையில் உள்ள 24 ஆண்டு மௌனத்துக்கு விளக்கம் கிடைக்காது. உங்கள் வாதம் அங்கேதான் தொடங்க வேண்டும். 1996இன் அணுசோதனைத் தடை ஒப்பந்தமா, உள்நாட்டு அரசியலா, பொருளாதாரத் தடை பற்றிய பயமா? எதற்கு எடை அதிகம் என்று ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும்.

கோட்பாட்டுக்கென்று தனியாக நாலு பக்கம் ஒதுக்காதீர்கள். (நாடுகள் தங்கள் பாதுகாப்பையும் வலிமையையும் வைத்தே முடிவெடுக்கும் என்கிற யதார்த்தவாதம் பேராசிரியருக்குத் தெரியும்!) செய்தித்தாளோடு நிற்காமல் மக்களவை விவாதங்களையும் அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்டுள்ள பழைய ஆவணங்களையும் பாருங்கள், இரண்டும் இணையத்தில் இலவசம். குறிப்பு எடுக்கும்போதே பக்க எண்ணையும் எழுதிவிடுங்கள்.

சரி, சனி மாலை 6 மணிக்கு கூகுள் மீட். அதற்குள் ஆளுக்கு ஒரு பத்தி இங்கே போடுங்கள், கேள்வியும் உங்கள் பதிலும் மட்டும். முழுக் கட்டுரையை அனுப்பாதீர்கள், படிக்க நேரமில்லை.