புல்வெளித் தீயும் முன்பே தெரியும் காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தென் சமவெளியில், அதாவது டெக்சாஸின் வடமுனை, ஒக்லஹோமா, கான்சஸ் ஆகிய பகுதிகளில் மூளும் பெருந்தீயைப் பற்றி நம் நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் வெயிலையும் வறட்சியையும் காரணமாகச் சொல்லி முடிந்துவிடுகின்றன. மேற்கு டெக்சாஸில் நெடுங்காலமாக வசித்துவரும் நான் அறிந்தவரை, இங்கே மிகப் பெரிய தீ கோடையில் வருவதில்லை. குளிர்காலத்தின் கடைசியிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும்தான் வருகிறது. அதற்கு இடம் கொடுக்கும் வானிலையும் சில நாட்களுக்கு முன்பே கணிக்கப்பட்டுவிடுகிறது. கணிப்பில் இருக்கும் தெளிவு நடவடிக்கையில் இல்லை என்பதே என் ஆதங்கம்.

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சாஸின் ஸ்டின்னெட் ஊருக்கு அருகில் பற்றிய ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ, 10 லட்சத்து 58 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரித்து, அம்மாநில வரலாற்றிலேயே மிகப் பெரிய தீயாயிற்று. அதற்கு முன் 2006 மார்ச்சில் அமரில்லோவுக்குக் கிழக்கே எரிந்த தீ 9 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரை அழித்து, 12 உயிர்களைப் பலிகொண்டிருந்தது. ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ மூண்டபோது அந்த வட்டாரத்தில், தீ வேகமாகப் பரவக்கூடிய வானிலைக்காக விடுக்கப்படும் சிவப்புக்கொடி எச்சரிக்கை அமலில்தான் இருந்தது. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கான மாடுகள் மடிந்தன. பற்றி மூன்று நாள் கழித்து, 29ஆம் தேதி, அதே நிலத்தின் மீது பனி பெய்தது. கோடை வெப்பத்தை மட்டும் காரணமாகச் சொல்லும் விளக்கம் இந்த வானிலைக்குச் சற்றும் பொருந்தாது.

உண்மையில் நடப்பது வேறு. முந்தைய பருவத்தில் நல்ல மழை பெய்தால் புல் இடுப்பளவுக்கு அடர்ந்து வளர்கிறது. குளிர்காலத்து உறைபனியில் அது பட்டுப்போய் வைக்கோலாக நிற்கிறது. அவ்வளவு மெல்லிய புல், காற்றின் ஈரப்பதம் மாறிய ஒரு மணி நேரத்துக்குள் தானும் உலர்ந்துவிடும் என்பதால், நேற்று பெய்த மழை இன்றைய பிற்பகலுக்குப் பாதுகாப்பு அல்ல. இந்த நிலையில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே ஒரு வலுவான தாழ்வழுத்தம் உருவாகி, மேல்வானத்து மேற்குக் காற்று சமவெளிக்கு மேலாக வந்தால், நியூ மெக்சிகோ மேட்டிலிருந்து இறங்கும் காற்று இறங்க இறங்கச் சூடாகி உலர்கிறது. பகல் வெயில் தரையைச் சுடவைத்துக் காற்றைக் கலக்கிவிட, உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த வேகம் தரைக்கே வந்து சேர்கிறது. ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால், இந்த வட்டாரத்தில் பொதுவாகச் சிவப்புக்கொடி எச்சரிக்கை விடுக்கப்படும். பெருந்தீ நாட்களில் காற்று அந்த அளவையெல்லாம் கடந்து, மணிக்கு 100 கிலோமீட்டர் வரையிலும் அதற்கு மேலும் வீசியிருக்கிறது.

இவ்வளவும் கணினி மாதிரிகளில் முன்கூட்டியே தெரிகிறது. ஒக்லஹோமாவின் நார்மன் நகரில் உள்ள புயல் கணிப்பு மையம், தீ வானிலைக்கென்றே எட்டு நாள் வரையிலான முன்னறிவிப்பை வெளியிடுகிறது. தீ மூண்ட பிறகோ, கோஸ் வகை வானிலைச் செயற்கைக்கோள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பும் படத்தில், பல நேரங்களில் முதல் தொலைபேசி அழைப்புக்கு முன்பே, அந்தச் சூடான புள்ளி தெரிந்துவிடுகிறது.

மக்கள் மனதில் பதிய வேண்டிய, ஆனால் செய்திகளில் அநேகமாக இடம்பெறாத ஒன்று உண்டு; அது காற்றின் திருப்பம். பிற்பகல் முழுவதும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும் காற்றில் தீ கிழக்கு நோக்கி ஒடுங்கிய நீளப்பட்டையாக ஓடும். மாலையில் வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து சேர்ந்ததும், பல மைல் நீளமுள்ள அந்தப் பட்டையின் தெற்குப் பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் தீயின் முன்முகமாகிவிடும். அதுவரை பக்கவாட்டில் நின்று பாதுகாப்பாக அணைத்துக்கொண்டிருந்த தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள், நின்ற இடத்திலேயே அதன் பாதைக்குள் அகப்படுகிறார்கள். 2024 பிப்ரவரி 27 அன்றும் காற்று இப்படித்தான் திரும்பியது. காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்ற ஒரு வரி, எந்த வரைபடத்தையும் விட அன்று உயிர் காக்கக்கூடியது என்பது என் உறுதியான கருத்து.

ஆனாலும் தீப்பொறியைத் தடுப்பவர் இல்லையென்றால் எச்சரிக்கையால் பயன் என்ன? ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ மூண்டதில் தன் மின்கட்டமைப்புக்குத் தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது என்று எக்செல் எனர்ஜி என்ற மின்நிறுவனமே அறிவித்தது. அலட்சியம் என்ற குற்றச்சாட்டை மட்டும் அது மறுத்தது. உளுத்துப்போன மின்கம்பங்களைப் பற்றி டெக்சாஸ் சட்டமன்றத்தின் விசாரணைக் குழுவும் அவ்வாண்டு மே மாதம் கடுமையாக எழுதியது. அதற்குச் சற்று முன்பு, ஏப்ரலில், கொலராடோவில் பலத்த காற்று வரும் என்ற கணிப்பை ஏற்று அதே நிறுவனம் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தியது. மருத்துவக் கருவியை நம்பி வீட்டில் படுத்திருப்பவருக்கும், மின்மோட்டாரை நம்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பண்ணையாருக்கும் இது பெரும் இடர்தான். அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் நிறுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. அந்த ஏற்பாட்டுக்குத் தேவையான அவகாசத்தைத்தான் இன்றைய கணிப்பு நமக்குத் தருகிறது. கம்பங்களைச் சோதிக்கவும், மாடுகளைத் தீப்பற்றாத பச்சைக் கோதுமை வயலுக்கு ஓட்டிச்செல்லவும், மண்ணை உழுது தடுப்புக்கோடு போடும் டிராக்டர்களைத் தயாராக நிறுத்தவும் இரண்டு நாள் தாராளம்.

டெக்சாஸின் லப்பக், ஒக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் போன்ற பல்கலைக்கழக ஊர்களில் நம் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். 2025 மார்ச் 14 அன்று ஸ்டில்வாட்டரிலேயே வீடுகள் எரிந்தன. எச்சரிக்கை நாளில் வெளியே அடுப்பு மூட்டக் கூடாது, காய்ந்த புல்லின் மேல் காரை நிறுத்தக் கூடாது, வண்டிக்குப் பின்னால் சங்கிலி தரையில் உரசக் கூடாது என்பதைப் பெற்றோர் அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவைக்கலாம். தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள்: இனி இத்தகைய தீயைப் பற்றி எழுதும்போது, எரிந்த ஏக்கர் கணக்கோடு, எச்சரிக்கை எந்த நாளில் விடுக்கப்பட்டது, அதன் பிறகு மின்நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகங்களும் என்ன செய்தன என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
மேற்கு டெக்சாஸ்