இடுப்பு எங்கே இருக்கிறது

குமுளி,
திங்கள் இரவு

அன்புள்ள பெஞ்சுத்தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மகன் வீட்டுப் பால்காய்ப்பு நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். கடைசிப் பத்தியைத்தான் இரண்டு தடவை படித்தேன். அரிசிச் சிப்பத்தை நகர்த்தும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, மூன்று வாரமாகப் படுக்கை, எழுந்தால் பெல்ட், 'இனி குனியவே கூடாதாம்' என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓய்வு பெற்ற வருஷம் எனக்கும் இதே கதைதான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன், அப்படியே நின்றுவிட்டேன். ஸ்கேன் பார்த்த ஒருவர் 'எலும்பு தேய்ந்துபோச்சு' என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வரியைச் சுமந்துகொண்டு ஆறு மாதம் பயந்து பயந்து நடந்தேன். வலியே இல்லாத நம் வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் பெரும்பாலோருக்குத் தேய்மானம் தெரியும் என்பதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

மருமகள்தான் இங்கே மிளகுக் கடை மாடியில் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி முறையைச் சொல்லித்தரும் பிசியோதெரபிப் பெண்ணிடம் கூட்டிப்போனாள். மலையாளப் பெண், என் மகள் வயது. முதல் நாள் அவள் கேட்டது: "டீச்சரே, இடுப்பு எவிடெயா?" நான் புடவைக் கொசுவம் செருகும் இடத்தைத் தொட்டேன். அவள் என் கையைப் பிடித்து, உட்காரும்போது தொடை மடியும் அந்த மடிப்பில் வைத்தாள். குனிய வேண்டிய இடம் இதுதான் என்றாள்.

முப்பது வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் தொடை எலும்பு இடுப்புக்கூட்டில் பொருந்தும் பந்துக்கிண்ண மூட்டைப் படம் போட்டு நடத்தியவள் நான். என் உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கைவைத்துப் பார்த்ததில்லை. யோசித்துப் பார், நம் பேச்சில் குழந்தையை வைத்துக்கொள்வதும் இடுப்பு, புடவை செருகுவதும் இடுப்பு, பின்னால் வலிப்பதும் இடுப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, எங்கே மடிய வேண்டுமோ அதை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருக்கும் ஐந்து முள்ளெலும்புகளைப் போட்டு வளைக்கிறோம். அந்த ஐந்தும் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் அசையும். தொடை மூட்டோ முழங்காலை மடக்கினால் சுமார் 120 டிகிரி வரை மடியும். அது வேலை செய்யாத நாளில் அதன் பங்கும் முதுகின் தலையில்தான் விழும்.

இதைக் கற்ற பிறகு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் வருகிறார்களே, அவர்கள்தான். ஏலக்காய் செடியின் காலடியில், சரத்தில் காய்ப்பது. நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். அவர்களில் அறுபது தாண்டிய அக்கா ஒருத்தி முதுகைப் பலகைபோல் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளித் தொடையில் மடிகிறாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரண்டாவது பாடம் மூச்சு. கனம் தூக்கும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொள்வோம் இல்லையா? "ஸ்வாசம் பிடிக்கண்டா டீச்சரே" என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். வயிற்றுக்குள் ஒரு பெட்டி இருப்பதாக நினைத்துக்கொள். மேல்மூடி உதரவிதானம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசை. அடித்தளம் இடுப்புக்கூட்டின் அடித்தசைகள், பிள்ளை பெற்ற நமக்கெல்லாம் தளர்ந்துபோகிறதே, அதுதான். சுற்றிவர நாடா கட்டியதுபோல் ஒரு குறுக்குத் தசை, பின்னால் முள்ளெலும்பை ஒட்டிய சின்னச் சின்னத் தசைகள். உதரவிதானத்தின் பின்கால்கள் முதுகின் கீழ் எலும்புகளிலேயே ஒட்டியிருக்கின்றன, அதனால் மூச்சும் முதுகும் ஒரே குடும்பம். மெல்ல, நீளமாக மூச்சை விட்டால் அந்த நாடா தானாக இறுகும். நீ கட்டியிருக்கும் பெல்ட்டின் வேலையை அது உள்ளிருந்தே செய்யும். வலி கடுமையாக இருக்கும் சில நாள் பெல்ட் இருக்கட்டும், மாதக்கணக்கில் வேண்டாம்.

இந்த முறையை உண்டாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர், சிறுவயதில் ஆஸ்துமாவோடு அல்லாடியவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ்காரர்கள் அவரை முகாமில் அடைத்துவைத்திருந்தார்கள். அங்கேதான் இந்தப் பயிற்சிகளை வளர்த்தாராம். பிறகு நியூயார்க் போனார், நடனக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கண்ட்ராலஜி'. ஸ்பிரிங் வைத்த கருவிகளும் உண்டு, பெரிய ஊர்களில் அதற்கு நிறையப் பணம் வாங்குகிறார்கள். நமக்குப் பாய் போதும். இதை மந்திரம் என்று நான் சொல்லவில்லை. நடையோ யோகாவோ, விடாமல் செய்தால் அதுவும் முதுகுக்கு நல்லதுதான்.

படுத்தே கிடக்காதே என்று கெஞ்சுகிறேன். எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்குக்குள் நமக்கு ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியிருக்கும் இடத்திலிருந்து ஊட்டம் கசிந்துதான் உள்ளே போக வேண்டும், அமுங்குவதும் விடுவதுமாக இருந்தால் அதற்கு உதவும். அசையாவிட்டால் அந்த உதவியும் இல்லை.

நாளைக்கே தொடங்கு. மல்லாந்து படு, முழங்காலை மடக்கு, விலா எலும்பின் பக்கவாட்டில் கை வை. மூச்சை இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிய வேண்டும், விடும்போது அடிவயிறு மெல்ல உள்ளே போகும். பத்துத் தடவை. வலிக்காத மட்டும் இடுப்பைப் பாலம்போல் தூக்கி இறக்கு. பிறகு எழுந்து நின்று ஒட்டடைக் கம்பை முதுகோடு நிமிர்த்திப் பிடி: தலை, நடுமுதுகு, வால்பக்கம் மூன்றும் தொட வேண்டும். மூன்றும் விலகாமல், முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் குனி.

இரண்டு எச்சரிக்கை. மாதவிலக்கு நின்று பத்து வருஷமாகிறது, எலும்பு அடர்த்தியைப் பார்த்துக்கொள். எலும்பு மெலிந்திருந்தால், படுத்தபடி முதுகைச் சுருட்டி எழும் பயிற்சிகள் ஆகாது, முள்ளெலும்பு நொறுங்கக்கூடும். இன்னொன்று, கால் பலமிழந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ என் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு.

தேறியதும் இங்கே வந்து ஒரு வாரம் இரு. லோயர் கேம்ப் தாண்டினால் வளைவு அதிகம், பஸ்ஸில் முன் சீட்டாகப் பார்த்து உட்கார். அதற்கு முன்னால், கம்பு முதலில் முதுகின் எந்த இடத்தில் விலகியது என்று எழுது.

உன்,
குமுளிக்காரி