ஆயாவின் கெம்பு மோதிரம்

தருமபுரி,
ஞாயிறு இரவு

கண்ணு,

நேற்று போனில் நீ அழுததை இன்னும் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. "மாணிக்கம் இல்லையாம்ப்பா, ஸ்பினெல்லாம். ஆயாவை யாரோ ஏமாத்திட்டாங்க" என்றாய். எனக்கு அப்போது பேச்சு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஆயா மோதிரத்தில் இருப்பது ஸ்பினெல், மாணிக்கம்போலவே சிவப்பாக இருக்கும் வேறொரு ரத்தினக் கல் என்று எனக்கு முன்பே தெரியும்.

நீ ஏழாவது படிக்கும்போது, கல் ஆடுகிறது என்று ஆயா அந்த மோதிரத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். கல்லின் பின்பக்கத்தை மூடிக் கட்டிய பழைய வேலை. பிரித்துக் கல்லை எடுத்து, அழுக்குப் போகக் கழுவி எடை போட்டேன். 2.16 காரட். மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பார்த்தால் 1.56. குறைந்தது 0.60. எடையை இந்தக் குறைவால் வகுத்தால் 3.60 வருகிறது, அதாவது அதே அளவு தண்ணீரைவிடக் கல் அத்தனை மடங்கு கனம். மாணிக்கமாக இருந்தால் 4-ஐ ஒட்டி வர வேண்டும். மனசு கேட்காமல் மூன்று தடவை போட்டேன்.

அப்புறம் டைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கல்லுக்குள் பிரியும் வெளிச்சத்தைப் பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டங்களில் காட்டும் சின்னக் கருவி அது. மாணிக்கத்துக்குள் போகும் வெளிச்சம் இரண்டாகப் பிரியும். கல்லைத் திருப்பத் திருப்ப ஒரு கட்டத்தில் ஊதா கலந்த சிவப்பும், பக்கத்துக் கட்டத்தில் ஆரஞ்சு கலந்த சிவப்பும் தெரியும். ஆயாவின் கல்லை எப்படித் திருப்பினாலும் இரண்டு கட்டத்திலும் ஒரே சிவப்பு. ஸ்பினெல்லில் வெளிச்சம் பிரியாது.

லூப்பு என்கிற சின்ன பூதக்கண்ணாடி வைத்து உள்ளே பார்த்தபோதுதான் மனசு லேசானது. இரண்டு கோபுரங்களை அடியோடு அடி சேர்த்து ஒட்டியதுபோல எட்டு முகம் கொண்ட பொடிப்பொடிப் படிகங்கள் வரிசையாக நின்றன. மண்ணுக்குள் விளைந்த ஸ்பினெல்லில்தான் அப்படி இருக்கும். உன் கல் கண்ணாடியும் இல்லை, செயற்கையும் இல்லை.

அன்றைக்கு ஆயாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அம்மா கல்யாணத்துக்குப் போட்டது. உன்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு, கண்ணு.

ஆனால் யாரும் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. நம் பக்கம் சிவப்புக் கல் எதுவானாலும் கெம்புதான். இரண்டுக்கும் சிவப்பைக் கொடுப்பது ஒரே குரோமியம். மாணிக்கம் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது, ஸ்பினெல்லில் கூடவே மக்னீசியமும் உண்டு. வெறும் கண்ணுக்கு இது எங்கே தெரியும்? 1783-ல் ரோமே தெ லீல் என்ற பிரெஞ்சு அறிஞர் பிரித்துச் சொல்லும்வரை பெரிய பெரிய ராஜாக்களே இதையும் மாணிக்கம் என்றுதான் வைத்திருந்தார்கள். இங்கிலாந்து மகுடத்தின் முன்பக்கம் இருக்கிறதே 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்', சுமார் 170 காரட், அதுவும் ஸ்பினெல்தான்.

விலை என்று பார்த்தால் நல்ல மாணிக்கம்தான் அதிகம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்று கடைக்கு வரும் மாணிக்கத்தில் பெரும்பாலானவை சூடுபடுத்தியவை. விரிசலில் ஈயக் கண்ணாடி ஊற்றி அடைத்தவையும் வருகின்றன. பட்டறைச் சூடும் அமிலமும் பட்டால் அந்தக் கண்ணாடி கெட்டுப்போகும். ஸ்பினெல்லை அநேகமாக யாரும் தொடுவதில்லை, மண்ணிலிருந்து வந்த நிறமே கடைசிவரை. எனக்கு அந்தக் கல்லின் மேல் மரியாதை கூடியதற்கு அதுதான் காரணம்.

தினமும் போட்டுக்கொள். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோ அளவில் அதன் கடினம் 8, தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. கீறல் விழாது. அங்கே மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுத்தால் மட்டும், கல்லைக் கழற்றிவிட்டுச் சூடு காட்டச் சொல்.

இன்னொன்று. பாப்பாரப்பட்டிப் பக்கம் காட்டில் பொறுக்கி நான் உனக்குக் கொடுத்த ஆறு பட்டைக் குருந்தக் கல் உன் நகைப்பெட்டியில்தானே இருக்கிறது? சாம்பல் நிறத்தில் அழகில்லாமல் இருந்தாலும் அது மாணிக்கத்தின் இனம். கோரண்டம் என்று உலகம் சொல்லும் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். அதன் கடினம் 9. உரசினால் ஆயாவின் கல்லில் கோடு விழும். இன்றைக்கே எடுத்து வேறு டப்பாவில் போடு.

அப்பா